பத்தொன்பது அடியில் எங்கள் வம்சாவளி

மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடும்போது, நம் வம்சாவளியை ஒரே பேனராக அடித்துக் கட்ட வேண்டும் என்றார் சித்தப்பா. ஏழு தலைமுறை, 412 பேர். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். கட்டிக்கொடுத்த பெண்களின் பிள்ளைகளையும் விடவில்லை. பங்காளி வழி மட்டும் போதுமே என்று சிலர் சொன்னார்கள். அத்தை வீட்டை வெட்டிவிட்டு எதற்கு வம்சாவளி?

பதிவு தயார், பிடிஎஃப் எடுப்பதுதானே பாக்கி என்று நினைத்தேன். முதலில் ஏ0 என்ற பெரிய தாளைத் தேர்ந்தெடுத்து, தாளுக்குள் அடங்கும்படி சுருக்கச் சொன்னேன். அடங்கியது. ஆனால் 24 புள்ளி (பாயிண்ட்) அளவில் வைத்த எழுத்து 5 புள்ளிக்கும் கீழே போய்விட்டது. எங்கள் பெரியத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு தேடும் அளவுக்கு இருந்தால் இந்த வேலையே வீண்.

தாளுக்கேற்ப மரத்தைச் சுருக்காமல், மரத்துக்கேற்பத் தாளைப் பெரிதாக்கும் தெரிவு ஒன்றும் அதில் இருக்கிறது. அதைப் போட்டதும் 140 செ.மீ. அகலம், 612 செ.மீ. உயரம் என்று வந்தது. சந்ததி வரைபடம் இடமிருந்து வலமாகத் தலைமுறைகளை வைத்து, பிள்ளைகளை ஒருவர் கீழ் ஒருவராக அடுக்குகிறது. அதனால்தான் இந்த ஒல்லி உருவம். இருபது அடி உயரத்தில் தொங்கவிட்டால் மேலே இருப்பவர்களை யார் படிப்பது? மண்டபத் தரையில் விரிக்கலாம் என்று ஒரு தம்பி சொன்னான். முன்னோர் பெயர் மேல் கால் படும் என்று அடுத்த நொடியே அது கைவிடப்பட்டது.

பூட்டனுக்கும் பூட்டனான மூலவருக்கு நான்கு மகன்கள். நான்கு வீட்டுக்கும் தனித்தனிப் பேனர் போட்டால் எளிது. ஆனால் சித்தப்பா, “பாகம் பிரிச்ச மாதிரி இருக்கும்ப்பா, வேண்டாம்” என்றார். அவர் சொன்னது சரி. நான்கு வீட்டையும் தனித்தனியாக எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்து, தலைப்பில் மூலவரை எழுதிக் கோடு இழுத்தேன். மூன்றாம் வீடுதான் பெரிது, 200 செ.மீ. உயரம். மூத்த வீடு 97 செ.மீ.தான். மொத்தப் பக்கம் 580க்கு 220 செ.மீ., அதாவது ஏறத்தாழ 19க்கு 7 அடி.

உறவுக்குள் கல்யாணம் செய்த வீடுகளில்தான் நெடுநேரம் உட்கார்ந்தேன். இரண்டாம் வீட்டு அத்தை மகனை நான்காம் வீட்டுப் பெண் கட்டியிருந்தால், அவர்கள் பிள்ளைகள் எந்த வீட்டின் கீழ் வருவது? ஒரு பக்கம் முழுதாக விரித்து, மறுபக்கம் தம்பதியின் பெயரோடு நிறுத்தி, இரண்டு இடத்திலும் ஒரே நிறப் பெட்டி போட்டேன். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் நான்கைந்து இடத்தில் வந்தது. பக்கத்தில் ஊர்ப் பெயரைச் சேர்த்ததும் குழப்பம் தீர்ந்தது.

ஃபிளக்ஸ் கடையில் கோப்பைத் திறந்தால் பக்க அளவு வரம்பைத் தாண்டுகிறது என்று செய்தி வந்தது. பிடிஎஃப்பில் பக்கத்தின் அளவு அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கில் போகிறது. பல மென்பொருள்கள் 14,400 புள்ளி, அதாவது 200 அங்குலம் வரைதான் ஏற்கும், 508 செ.மீ. நம்முடையது 580. பிடிஎஃப் 1.6 முதல் இந்த அலகையே பெரிதாக்க வழி உண்டு, ஆனால் எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை. ஆகவே சரிபாதியாக, 290க்கு 110 செ.மீ. பக்கத்தில் எடுத்துக் கொடுத்து, அச்சில் இருநூறு சதவீதம் வைக்கச் சொன்னேன். எழுத்தும் கோடும் வெக்டார், அதாவது பிக்சல்களாக இல்லாமல் கோட்டு வடிவமாகவே சேமிக்கப்பட்டவை என்பதால் பெரிதாக்கினாலும் மங்காது. ஜேபெக் படமாகக் கேட்டார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. பேனருக்கு வழக்கமாக எடுக்கும் குறைந்த பிக்சலில் பொடி எழுத்து பிசிறிப் போகும்.

அப்புறம் இன்னொன்று. அவர்கள் டிசைன் மென்பொருளில் திறந்ததும் ‘கொ’வில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறியது. யாருடைய பெயரும் அப்படி ஏறக் கூடாது. வீட்டுக்குத் திரும்பி, எழுத்துகளை எல்லாம் வளைகோடுகளாக மாற்றிச் சேமித்தேன். அப்படி மாற்றினால் பிடிஎஃப்பில் பெயரைத் தேட முடியாது. அதனால் வாட்ஸாப் குழுவுக்கு மாற்றாத பிரதியை அனுப்பினேன். முழுதும் அடிக்கும் முன் ஒரு அடிச் சதுரம் மட்டும் மாதிரி அடித்து வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள்.

சிவராத்திரியன்று மூத்த வீட்டின் கீழே மீந்திருந்த வெள்ளை இடத்துக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனா ஒன்றைக் கட்டி வைத்தேன். பெரியத்தை கண்ணாடி போடாமலே தன் பெயரைப் படித்தார். பிறகு விரலை மேலே கொண்டுபோய், “எங்க அய்யாவோட அப்பாவுக்கு மொத தாரம் ஒருத்தி இருந்தாளே, அவளை எங்கே?” என்றார். பெயரைச் சொன்னார். அந்த வெள்ளை இடத்தில் எழுதிக்கொண்டேன். இப்போது 413.