பாட்டியின் கூறைப்புடவையும் இரண்டு குடம் மழைநீரும்

அக்டோபர் 5, 2024, சனி

மாடி வீட்டுப் பாட்டி கொலுவுக்கு அழைத்திருந்தார். சுண்டல் சாப்பிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் படிகளுக்குப் பின்னால் திரையாகத் தொங்கிய அரக்குப் பட்டைக் கவனித்தேன். பாட்டியின் கூறைப்புடவை. காஞ்சிபுரம், ஒன்பது கஜம், அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக இற்றுப்போயிருக்கிறது. விரல் பட்டாலே விட்டுப்போகிறது.

“பழம்புடவை வாங்கறவன் வந்து கேட்டான். எரிச்சு, சரிகைல இருக்கற வெள்ளியை எடுப்பானாம். குடுக்க மனசு வரலை. நீ கம்பளில என்னமோ பண்றியே, அதோட இதைச் சேர்த்து எனக்கு மணைல போட்டுக்க ஒண்ணு பண்ணித் தரியாம்மா? வெறும் பலகைல உக்காந்தா எலும்பு குத்தறது. பட்டு, கம்பளி ரெண்டுமே மடிதான்.”

மார்ச்சில்தான் ஃபெல்ட், அதாவது நெய்யாமல் கம்பளி இழைகளைச் சிக்கவைத்துச் செய்கிற கெட்டித் துணி, செய்யக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். இதுவரை செய்ததெல்லாம் கண்ணாடி உறை, சின்னப் பை, காபி டம்ளருக்கு அடியில் வைக்கிற வட்டம், இவ்வளவுதான். ஆனாலும் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். மணையை அளந்தேன். 45 சென்டிமீட்டர், சதுரம்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று விஜயதசமி. கொலு எடுத்த கையோடு புடவை என் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை இன்னும் தொடவில்லை. முதலில் கம்பளி மட்டும்.

ஃபெல்ட்டுக்குத் தறியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஆட்டு உரோமத்தின் ஒவ்வொரு இழை மீதும் மீன் செதில் போல அடுக்கடுக்காக மெல்லிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டால் அவை சற்று விரிந்து எழும். அப்போது தேய்த்தால் ஒவ்வொரு இழையும் வேர் இருந்த பக்கமாக நகரும். செதில் தடுப்பதால் திரும்பி வர முடியாது. இப்படி ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்வதுதான் ஃபெல்ட். நல்ல ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுத் துவைத்துவிட்டு, குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

சின்னப் பொருட்களுக்கு இதுவரை கேன் தண்ணீர் போதுமாக இருந்தது. மணை விரிப்பை அலச மட்டுமே பல குடம் வேண்டும் என்பதால், இன்று ஒரு சோதனைத் துண்டை போர் தண்ணீரில் செய்து பார்த்தேன். 20க்கு 20 சென்டிமீட்டர், 20 கிராம் மெரினோ என்கிற மெல்லிய ஆட்டுக் கம்பளி, நான்கு அடுக்கு.

எங்கள் சென்னை நங்கநல்லூர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் திரிந்து, கம்பளி முழுவதும் ஒட்டிக்கொண்டது. நுரை இல்லாமல் கையும் வழுக்காது. ஒரு மணி நேரம் தேய்த்தும் 16 சென்டிமீட்டருக்குக் கீழே சுருங்கவில்லை. காய்ந்தபின் தொட்டால் மெழுகு பூசியது போல இருக்கிறது. நல்ல கம்பளி வீணாய்ப் போனதில் மனசு ஆறவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையிலிருந்து அடைமழை. மொட்டை மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் இறங்குகிறது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த குழாய். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் தோன்றியது: வானத்திலிருந்து நேராக வருகிற தண்ணீரில் உப்பு ஏது?

முதல் அரை மணி நேரம் மாடித் தூசியெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் பிடித்தேன். ஆறு குடம், இரண்டு வாளி. மாடியிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்து, “பட்டுக்கும் கம்பளிக்கும் யாராவது சோப்பு போடுவாளோ? பூந்திக்கொட்டை ஊறப்போடு” என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்னும் இரண்டு துண்டுகள், அதே அளவு, அதே எடை.

பூந்திக்கொட்டையும் போர் தண்ணீரும்: பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. பூந்திக்கொட்டை நுரை உப்புத் தண்ணீரிலும் திரியவில்லை. துளி கசடு இல்லை. காய்ந்தபின் பூ மாதிரி மென்மை. ஆனால் தேய்க்கும்போது வழுக்கல் போதவில்லை, கை இழுத்துப் பிடித்தது. 15 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது.

மழைநீரும் சோப்பும்: சொல்லவே வேண்டாம். ஒரு கீற்று சோப்புக்கே உள்ளங்கை மிதக்கிற அளவு நுரை. நாற்பதே நிமிடம், 13 சென்டிமீட்டர். தட்டினால் ‘தொப்’ என்று கெட்டியான சத்தம்.

20லிருந்து 13 என்றால் 35 சதவீதம் சுருக்கம். அப்படியானால் 45 சென்டிமீட்டர் விரிப்புக்கு 69 சென்டிமீட்டரில் பரப்ப வேண்டும், கம்பளி சுமார் 240 கிராம். ஃபெல்ட்டில் இந்தக் கணக்கைத் தவறவிட்டால் பிறகு சரிசெய்ய வழியே கிடையாது. சுருங்கியது விரியாது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி வேலைகள் முடிந்து இன்றுதான் புடவையை விரித்தேன். நல்ல நிலையில் இருந்த ஓர் ஓரத்திலிருந்து உள்ளங்கை அளவு வெட்டி, கம்பளி மேல் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கம்பளி சுருங்கியது, பட்டு சுருங்கவில்லை. கடைசியில் பழைய ஸ்டிக்கர் மாதிரி முழுசாக உரிந்து கையோடு வந்துவிட்டது.

காரணம் உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. பட்டு இழையில் செதில் கிடையாது. அது கண்ணாடி போல வழவழப்பு, தானாக எதையும் பிடித்துக்கொள்ளாது. கம்பளி இழைதான் துணியின் கண்கள் வழியே மறுபக்கம் போய் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். துணியோடு கம்பளியைச் சேர்க்கும் இந்த முறைக்கு நூனோ என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பாலி ஸ்டர்லிங் என்ற கலைஞர் உருவாக்கியது. ஜப்பானிய மொழியில் நூனோ என்றால் துணி. அதற்கெல்லாம் ஷிஃபான் போல மெல்லிய துணியைத்தான் எடுப்பார்கள். காஞ்சிபுரத்தின் பெருமையே நெருக்கமான நெசவு. அந்த நெருக்கத்தில் கம்பளி இழை நுழைய இடமே இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

துணியாகச் சேராதென்றால் இழையாகச் சேரும். இற்றுப்போன பகுதிகளையெல்லாம் பிரித்து, நூல் நூலாக உருவிக்கொண்டிருக்கிறேன். உருவிய நூலை ஆறு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, நாய்க்கு முடி வாருகிற கம்பிச் சீப்பால் இரண்டு பக்கமும் சீவினால், முறுக்கு அவிழ்ந்து அரக்கு நிறப் பஞ்சாக மலர்கிறது. அந்தப் பளபளப்பை என்னென்று சொல்ல! அறுபது வருடம் பீரோவில் மடிந்து கிடந்ததற்கு ஒளி கொஞ்சமும் குறையவில்லை.

ஆனால் முந்தானையில் ஒரு மாங்காய் இருக்கிறது. அதையும் பஞ்சாக்க எனக்கு மனமில்லை. மாங்காயைச் சுற்றி ஒரு சாண் சதுரம் வெட்டிக்கொண்டேன். பாவிலும் ஊடையிலும் இரண்டு நூல் விட்டு ஒரு நூலாக ஊசி முனையால் உருவுகிறேன். துணி வலை மாதிரி ஆகிவிட்டால் கம்பளி நுழையும் அல்லவா? பழைய நூல், பாதியில் அறுந்துவிடுகிறது. ஒரு ராத்திரிக்கு மூன்று விரல் அகலம்தான் நகர்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

சதுரம் உருவி முடிந்தது, ஆறு ராத்திரி. ஆனால் வெந்நீரில் நனைத்ததும் சாயம் விட்டது. அடியில் இருந்த வெள்ளைக் கம்பளி திட்டுத் திட்டாக ரோஜா நிறம். நல்லவேளை, சோதனைத் துண்டு.

பட்டுப் பஞ்சு, மாங்காய்ச் சதுரம் இரண்டையும் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து, பிழியாமல் எடுத்து, மறுபடி ஊறவைத்து... ஏழாவது தண்ணீர்தான் தெளிவாக வந்தது. அடிக் கம்பளிக்கு வெள்ளை வேண்டாம் என்றும் முடிவு செய்தேன். சாயம் போடாத பழுப்புக் கம்பளி கைவசம் இருக்கிறது. கொஞ்சம் சாயம் கசிந்தாலும் அது தாங்கும்.

இந்த மெரினோ கூரியரில் வருவது. நம் ஊரில் மெல்லிய கம்பளி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நீலகிரி ஆடு என்றே ஓர் இனம் உண்டு. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ வளர்க்கிறது. அடுத்த விரிப்பை நீலகிரிக் கம்பளியில் செய்ய வேண்டும் என்று ஆசை.

நவம்பர் 30, சனி

ஃபெங்கல் புயல். விடிந்ததிலிருந்து மழை. மத்தியானம் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். எந்நேரமும் தலைக்கு மேல் விமானம் கேட்டே பழகிய நங்கநல்லூரில், இன்று மழைச் சத்தம் மட்டும்தான். தண்ணீருக்குக் குறைவில்லை. வெளியே போகவும் முடியாது. இன்றே ஆரம்பித்துவிடலாம் என்று கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டேன்.

பரப்புவதற்கு மட்டும் இரண்டரை மணி நேரம். கம்பளியை இடது கையில் தளர்வாகப் பிடித்து, வலது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நுனியை மட்டும் அழுத்தி இழுக்க வேண்டும். மெல்லிய கீற்றாக வரும். ஓட்டு வீட்டில் ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் பாதி ஏறியபடி வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் அடுக்கு கிழக்கு மேற்கு, அடுத்தது வடக்கு தெற்கு, இப்படி நான்கு. கண்ணை நம்பக் கூடாது. கையை மெதுவாக மேலே வைத்து நகர்த்தினால் பள்ளம் எங்கே என்று கைதான் சொல்லும். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும், ஒரு சுற்று காற்று பட்டாலும் எல்லாம் பறந்துவிடும்.

மேலே பட்டுப் பஞ்சு, 15 கிராம்தான். தடிமனாக வைத்தால் கம்பளியால் எட்டிப் பிடிக்க முடியாது, வழுக்கிப் போய்விடும். நடுவில் மாங்காய்ச் சதுரம். அதன் ஓரங்களில் புகை மாதிரி ஒரு கீற்றுக் கம்பளி.

அதன் மேல் பழைய கொசுவலையைப் போர்த்தி, மழைநீரைச் சூடாக்கி, சோப்பு கலந்து தெளித்தேன். முதலில் அழுத்தம் கூடாது. குழந்தை முதுகைத் தடவுவது போல நுரையை மட்டும் நகர்த்த வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை வலையைத் தூக்கிப் பார்க்காவிட்டால் கம்பளி வலையோடும் சேர்ந்து வளர்ந்துவிடும். கிள்ளிப் பார்த்தேன். இழை தனியாக வராமல் மொத்தமும் சேர்ந்து தோல் போல எழும்பியது. அப்புறம் வலையை எடுத்துவிட்டு, கோரைப்பாயில் வைத்து, ஒரு பிவிசி குழாயைச் சுற்றிச் சுருட்டி, முழங்கையால் உருட்ட ஆரம்பித்தேன். நூறு உருட்டல், பிரித்துக் கால் வட்டம் திருப்பு, மறுபடி நூறு. எந்தப் பக்கம் உருட்டுகிறோமோ அந்தப் பக்கம்தான் சுருங்கும் என்பதால் நான்கு பக்கமும் சமமாக உருட்ட வேண்டும். காஷ்மீரில் நம்தா என்கிற ஃபெல்ட் விரிப்பு செய்கிறவர்களும் இதே போலப் பாயில் சுருட்டித்தான் உருட்டுகிறார்கள்.

ஆறாவது நூறில் மின்சாரம் போனது. எமர்ஜென்சி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உருட்டினேன். 800 உருட்டல் முடிந்தபோது 69 என்பது 55 ஆகியிருந்தது. தோள்பட்டை விட்டுப்போகிறது. ஈரத்தோடு மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. கடைசிக் கட்டத்துக்கு வெந்நீரில் முக்கி, உருண்டையாகச் சுருட்டி, துவைக்கிற கல்லில் அடிக்க வேண்டும். மெதுவாகப் பத்து, பிரித்துப் பார், பலமாகப் பத்து, பிரித்துப் பார். சத்தம் கேட்டுப் பாட்டி இறங்கி வந்துவிட்டார். தன் கூறைப்புடவையைக் கல்லில் அடிப்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அறுபது அடிக்கு அப்புறம் விரித்தேன். ஒரு பக்கம் 45, இன்னொரு பக்கம் 46. பட்டு சுருங்காது, கம்பளி சுருங்கிவிட்டது. அதனால் பட்டு முழுவதும் காற்றடித்த குளத்து நீர் போலச் சின்னச் சின்ன அலையாகப் புடைத்து நிற்கிறது. மாங்காயும் சுருங்கி, சரிகை நெளிந்து, ஆனால் ஒரு முனைகூட எழும்பாமல் உட்கார்ந்திருக்கிறது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை. பாட்டியும் நெம்பிப் பார்த்தார்.

“இது எத்தனை நாள் வரும்?” என்று கேட்டார். சைபீரியாவின் அல்தாய் மலைகளில் பாசிரிக் என்ற இடத்தில், பனியில் உறைந்த கல்லறைகளிலிருந்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஃபெல்ட் விரிப்புகளையும் ஃபெல்ட்டால் செய்த அன்னங்களையும் எடுத்திருக்கிறார்கள், வண்ணம்கூட மிச்சமிருக்கிறது என்று சொன்னேன். “அது பனி. இங்க பூச்சி அரிக்குமே” என்றார் உடனே. அவர் சொல்வது சரிதான்.

மழைநீரில் ஐந்து முறை அலசினேன். ஐந்தாவதில் இரண்டு ஸ்பூன் வினிகர், சோப்பின் காரம் போக.

டிசம்பர் 5, வியாழன்

நான்கு நாளாக மின்விசிறிக்கு அடியில். வெளியே காய்ந்தாலும் நடுவில் ஈரம் இருந்தது, கன்னத்தில் வைத்தால் சில்லென்று தெரியும். ஈரக் கம்பளியின் ஆட்டு வாடை வீடு முழுக்க. இன்று வாடையும் போயிற்று, சில்லிப்பும் போயிற்று. பூச்சிக்காகப் பாட்டி கொடுத்த வசம்பை ஒரு மெல்லிய துணியில் முடிந்து உள்ளே வைத்துச் சுருட்டியிருக்கிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி ஒன்று. ஐந்து மணிக்குக் கோவில் ஒலிபெருக்கி ஆரம்பித்ததும் விரிப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பாட்டி குளித்து, கோலம் போட்டு முடித்திருந்தார். மணையில் விரித்தார். மாங்காயின் நுனி சுவாமி பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒருமுறை திருப்பிப் போட்டார். உட்காரவில்லை. குனிந்து மாங்காயைத் தடவிக்கொண்டே நின்றார். “இந்த மாங்காய் இடது தோள்ல வரும்” என்றார். அப்புறம்தான் உட்கார்ந்தார். நான் பாசுரம் முடியும்வரை இருந்து, காபி குடித்துவிட்டு இறங்கினேன்.

இறங்கும்போது பின்னாலிருந்து குரல்: “பாதிப் புடவை மீதி இருக்கோல்லியோ? பொண்ணுக்கு ஒண்ணு பண்ணலாமா?”

இருக்கிறது. பெருமழைக் காலம் முடிந்துவிடும். கொல்லையில் இரண்டு குடம் மழைநீரை வேட்டித் துணியால் வாய் கட்டி மூடி வைத்திருக்கிறேன்.