ஹனி பேட்ஜரா, வூல்வரினா?

இந்த இரண்டு விலங்குகளில் யார் கெட்டி என்று மோதவிட்டுப் பார்ப்போம். இரண்டுமே நீர்நாய்க்குச் சொந்தக்காரர்கள்தான், எடையும் சுமார் 10, 15 கிலோ. ஹனி பேட்ஜர் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை, வூல்வரின் உலகின் வடகோடிப் பனிக்காடுகளில் என்பதால் நிஜத்தில் நேருக்கு நேர் பார்க்க வழியில்லை.

ஹனி பேட்ஜரின் பலமே அதன் தோல்தான். கழுத்தில் 6 மில்லிமீட்டர் தடிமன், அதுவும் தொளதொளவென்று இருப்பதால், சிறுத்தை பிடரியைக் கவ்வினால்கூட அந்தத் தோலுக்குள்ளேயே திரும்பி, கவ்விய சிறுத்தையின் முகத்தையே கடிக்கும்! நாகத்தையும் தின்னும்.

சரி, வூல்வரின்? பனியில் உறைந்த இறைச்சியை எலும்போடு நொறுக்கும் தாடை, ஆழமான பனியில் சிக்கிய கலைமானையே வீழ்த்தும் துணிச்சல். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தப்பட்ட ஒரு வூல்வரின், கிளீவ்லேண்ட் மலையின் கடைசி 4,900 அடியை 90 நிமிடத்தில் ஏறியது, அதுவும் நடுக்குளிர்காலத்தில்.

கடித்துப் புரளும் சண்டை என்றால் என் ஓட்டு ஹனி பேட்ஜருக்கு, ஆனால் கெட்டி என்பது தாக்குப்பிடிப்பது என்றால் வூல்வரின்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.