மில்லிங் மெஷின்: கட்டரின் பல்லிலிருந்து தூண் வரை

சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மில்லிங் மெஷினை ஐடிஐ பாடநூல்கள் கீழிருந்து மேலாகச் சொல்லிக்கொண்டு போகும். பேஸ், தூண், தூணில் ஏறி இறங்கும் முட்டி, அதன்மேல் சாடில், அதன்மேல் டேபிள், கடைசியில் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில். தேர்வுக்கு அது போதும். ஜாபில், அதாவது வெட்டப்படும் துண்டில், அலையலையாக வரி விழுகிறது, காரணம் என்ன என்று மெஷின் முன்னால் நின்று தேடும்போது அந்த வரிசை கைகொடுக்காது. கட்டரின் பல்லிலிருந்து தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பல் இரும்பைத் தள்ளுகிறது. அந்த விசை ஜாப், வைஸ், டேபிள், சாடில், முட்டி வழியாகத் தூணுக்குப் போகிறது. இன்னொரு பக்கம் கட்டரைத் தாங்கும் தண்டான ஆர்பர், ஸ்பிண்டில், பேரிங் வழியாக அதே தூணுக்கு வந்து சேர்கிறது. இந்தச் சுற்றில் எங்கே ஆட்டம் இருக்கிறதோ அங்கேதான் ஃபினிஷ் கெடும், அளவு ஓடும், கட்டர் உடையும்.

இங்கே சொல்வதெல்லாம் முட்டி ஏறி இறங்கும் வகை மெஷின்களுக்கு: எச்எம்டி எஃப்என்2யூ போன்ற யுனிவர்சல் (டேபிள் திரும்பும் வகை), எம்1டிஆர் போன்ற டரெட் (தலை சாயும் வகை). கோவையிலும் அம்பத்தூரிலும் சின்னப் பட்டறைகளில் இன்னும் இவைதான் பாடுபடுகின்றன.

முதலில் ஸ்பிண்டில். அதன் வாயில் இருக்கும் டேப்பர், அதாவது கூம்புத் துளை, பெரும்பாலும் ஐஎஸ்ஓ 40 அளவு. இதன் சரிவு 24க்கு 7, அதாவது 24 மிமீ நீளத்தில் விட்டம் 7 மிமீ மாறும். லேத் டெயில்ஸ்டாக்கில் வரும் மோர்ஸ் டேப்பர் தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும், தட்டித்தான் எடுக்க வேண்டும். 24க்கு 7 அப்படிப் பிடிக்காது. ஆர்பரை நடுவில் உட்கார வைப்பது மட்டும்தான் அதன் வேலை. உள்ளே இழுத்துப் பிடிப்பது பின்னாலிருந்து வரும் நீள போல்ட்டான டிராபார். சுழற்றும் விசையைக் கொடுப்பது ஸ்பிண்டில் முகத்தில் இருக்கும் இரண்டு சதுரக் கீ. ஆகவே டிராபாரை லேசாக முறுக்கி விட்டு "டேப்பர் பிடித்துக்கொள்ளும்" என்று ஓட்டினால், ஹெவி கட்டில் ஆர்பர் கீழே இறங்கும், ஜாபில் பள்ளம் விழும். டரெட் மெஷின்களில் வரும் ஆர்8 வகை டேப்பரிலும் டிராபார்தான் எல்லாம். உள்ளே இருக்கும் சின்னப் பின், கட்டரைக் கவ்வும் காலெட் சுழலாமல் பிடித்து டிராபாரை முறுக்க உதவுவதற்கு. வெட்டும் விசையை அது தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

டேப்பருக்குள் ஒரு துருவல் துண்டு மாட்டினால் போதும், கட்டர் வட்டம் தவறிச் சுழலும். கட்டர் மாற்றும்போதெல்லாம் விரலில் துணி சுற்றி உள்ளே ஒரு சுற்று துடைத்துவிட்டு ஏற்றுவது நல்லது. மெஷின் நின்ற பிறகு, ஐசோலேட்டரை ஆஃப் செய்த பிறகு. ஏர் அடித்தால் தூசு பேரிங் பக்கம் போகும்.

ஸ்பிண்டில் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க துல்லியமான சோதனைத் தண்டான டெஸ்ட் மேண்ட்ரலை ஏற்றி, நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் டயலை வைக்க வேண்டும். வாயருகே 0.01 மிமீ, 300 மிமீ தள்ளி 0.02 மிமீக்குள் இருந்தால் நல்ல மெஷின். அச்சுத் திசையில் முன்பின்னாகத் தள்ளிப் பார்த்தால் 0.01 மிமீக்கு மேல் ஆடக்கூடாது. ஆடினால் பேரிங் பிரீலோட் (ஆட்டம் இல்லாமலிருக்க முன்கூட்டியே கொடுத்த இறுக்கம்) தளர்ந்திருக்கிறது. ஆனால் உடனே நட்டை முறுக்கக் கூடாது. அதிகம் இறுக்கினால் அரை மணி நேர ஓட்டத்திலேயே ஸ்பிண்டில் தலை கைவைக்க முடியாமல் சுடும், பேரிங் போய்விடும்.

கிடைமட்ட மெஷினில் ஸ்பிண்டிலுக்கு அடுத்தது நீள ஆர்பர், அதைத் தாங்கும் ஓவர் ஆர்ம், அதில் தொங்கும் ஆர்பர் சப்போர்ட். இங்கே ஒரே ஒரு பழக்கம் எல்லாவற்றையும் காப்பாற்றும்: சப்போர்ட்டை மாட்டிய பிறகுதான் ஆர்பர் நட்டை முறுக்க வேண்டும். கழற்றும்போது நட்டைத் தளர்த்திய பிறகுதான் சப்போர்ட்டை எடுக்க வேண்டும். தாங்கல் இல்லாமல் நீள ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினால் ஆர்பர் வளைந்துவிடும். வளைந்த ஆர்பரை நிமிர்த்தி எடுப்பது அபூர்வம்.

ஆர்பர் வளையாமலேயே வட்டம் தவறுவதும் உண்டு. குற்றவாளி பெரும்பாலும், ஆர்பரில் கட்டரை அதன் இடத்தில் நிறுத்தும் வளையமான ஸ்பேசர் காலர்தான். காலர்களின் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டு காலருக்கு நடுவில் ஒரு பிசிறு மாட்டி நட்டை இறுக்கினால் ஆர்பர் முழுவதும் ஒரு பக்கம் வளைந்து நிற்கும். அப்போது கட்டரின் எல்லாப் பல்லும் வெட்டாது, இரண்டு மூன்று பல் மட்டும் வெட்டும். சத்தத்திலேயே தெரியும்: சீரான இரைச்சலுக்குப் பதில் ஒரு சுற்றுக்கு ஒரு முறை "டக்… டக்…". கட்டரைத் தீட்டக் கொடுப்பதற்கு முன் காலர்களைக் கழற்றித் துடைத்து, எண்ணெய்க் கல்லில் முகத்தை ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். கட்டரைத் தூணுக்குப் பக்கமாகவும், சப்போர்ட்டைக் கட்டருக்குப் பக்கமாகவும் வைத்தால் அதிர்வு பாதி குறைந்துவிடும். சப்போர்ட் புஷ்ஷுக்கு எண்ணெய் விட மறப்பவர்கள் நிறைய. காய்ந்து ஓடினால் புஷ் ஆர்பரைப் பிடித்துக்கொள்ளும்.

டரெட் மெஷினில் ஓவர் ஆர்முக்குப் பதில் ராம், அதன் முனையில் தலை, தலைக்குள் ஸ்பிண்டிலோடு ஏறி இறங்கும் குவில். ராமை எவ்வளவு வெளியே இழுக்கிறோமோ அவ்வளவு விறைப்பு போகும். குவிலும் அப்படியே. டிரில் போட, போரிங் செய்ய குவில் அருமையானது. எண்ட் மில் (முனையாலும் பக்கத்தாலும் வெட்டும் கட்டர்) கட்டுக்கு அதை மேலேற்றிப் பூட்டிவிட்டு, ஆழத்தை முட்டியைத் தூக்கிக் கொடுப்பதே முறை. 100 மிமீ குவிலை வெளியே தொங்கவிட்டு ஸ்லாட் எடுத்துவிட்டு மெஷினைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

டரெட் தலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாயும் என்பதால், அது டேபிளுக்குச் செங்குத்தா என்று நேர் பார்ப்பது தவிர்க்க முடியாத வேலை. ஸ்பிண்டிலில் டயலைப் பிடித்து டேபிள்மேல் வட்டமாகச் சுற்ற வேண்டும். 200 மிமீ வட்டத்தில் 0.02 மிமீக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். தவறினால் என்ன ஆகும்? 200 மிமீக்கு 0.05 மிமீ சாய்வு இருக்கிறது, 80 மிமீ ஃபேஸ் மில் (பரப்பைச் சமமாகச் சீவும் கட்டர்) ஓடுகிறது என்று வையுங்கள். சாய்வு ஃபீட், அதாவது டேபிள் நகர்வு, போகும் திசையில் இருந்தால் வெட்டிய பரப்பின் நடுவில் 0.01 மிமீ குழி விழும். ஃபீடுக்குக் குறுக்கே இருந்தால் முழு அகலத்தில் 0.02 மிமீ சரிவு. பக்கத்துப் பக்கத்துப் பாஸ்களுக்கு நடுவில் நகம் தட்டுகிற படி. டயல் இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். தலை நேராக இருந்தால் பரப்பில் வரிகள் இரண்டு பக்கமும் குறுக்கிட்டு வலை மாதிரி தெரியும். ஒரே பக்க வளைவு மட்டும் தெரிந்தால் தலை ஃபீட் திசையில் சாய்ந்திருக்கிறது.

இனி ஜாப் பக்கம். டேபிள் இடவலமாக, சாடில் முன்பின்னாக, முட்டி மேல்கீழாக. யுனிவர்சல் மெஷினில் சாடிலுக்கும் டேபிளுக்கும் நடுவில் சுழலும் தட்டு ஒன்று கூடுதல். டேபிள் இரு பக்கமும் 45 டிகிரி திரும்பும். 1860களின் தொடக்கத்தில் ஜோசப் பிரவுன் முதல் யுனிவர்சல் மெஷினைச் செய்தது ட்விஸ்ட் டிரில்லின் சுருள் வாய்க்காலை வெட்டத்தான். இன்று பாதிப் பட்டறைகளில் அந்தத் தட்டு சுழியத்தைத் தாண்டித் திரும்பியே வருடக்கணக்காகியிருக்கும். அப்படியானாலும் சுழியம் உண்மையான சுழியமா என்று தூண் முகத்தில் டயல் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

டேபிளை நகர்த்துவது லீட் ஸ்க்ரூவும் நட்டும். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கும் ஆட்டம்தான் பேக்லாஷ். ஹேண்டிலை எதிர்த் திசையில் திருப்பினால் டேபிள் நகராமல் டயல் எண் மட்டும் ஓடுகிறதே, அந்த அளவு. பழைய மெஷினில் 0.3 மிமீ சாதாரணம். அளவு எடுக்கும்போது ஒரே திசையிலிருந்து வந்தால் இது தொந்தரவு தராது. டவுன் மில்லிங்கில்தான் ஆபத்து. அங்கே கட்டர் ஜாபை ஃபீட் போகும் திசையிலேயே இழுக்கும். பல்லுக்கு 0.05 மிமீ என்று ஃபீட் வைத்திருப்போம். டேபிள் அந்த 0.3 மிமீயைத் தாவினால் ஒரு பல்லுக்கு ஆறு மடங்குக்கு மேல் சுமை விழும். கட்டர் உடையும், அல்லது ஜாப் வைஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறக்கும். பேக்லாஷை நீக்கும் எலிமினேட்டர் உள்ள மெஷினைத் தவிர மற்றதில் ஹெவி கட் எல்லாம், கட்டர் ஃபீடுக்கு எதிராக வெட்டும் அப் மில்லிங்தான். கிடைமட்ட மெஷினில் அப் மில்லிங் ஜாபை மேலே தூக்கப் பார்க்கும்; கிளாம்ப் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

நகரும் பாகங்கள் வழுக்கி ஓடும் ஸ்லைடுகளின் ஆட்டத்தைப் பிடிப்பது கிப். ஆப்பு வடிவப் பட்டை, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ. ஒன்றைத் தளர்த்தி மற்றதை முறுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கினால் பட்டை வளையும். பழைய மெஷின் வாங்கப் போனால் இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். டேபிள் நடுவில்தான் அதிகம் ஓடும், தேய்வதும் அங்கேதான். நடுவில் ஆட்டம் இல்லாமல் கிப்பை வைத்துவிட்டு டேபிளை இரண்டு கோடிக்கும் ஓட்டிப் பாருங்கள். கோடியில் ஹேண்டில் கல்லாக இறுகினால் ஸ்லைடு தேய்ந்திருக்கிறது, ஸ்க்ரேப்பிங் செய்யாமல் (பரப்பைக் கையால் சுரண்டிச் சமமாக்காமல்) தீராது. பெயின்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் விலையை இதை வைத்துப் பேசுங்கள்.

லாக் லீவர்களைத் துச்சமாக நினைப்பது பரவலான வியாதி. டேபிள் ஓடும்போது சாடிலும் முட்டியும் பூட்டியிருக்க வேண்டும். முட்டியைப் பூட்டாமல் வெட்டினால் முன்பக்கம் சற்றே தலை கவிழும், கட்டுக்குக் கட்டு ஆழம் மாறும். இன்னொரு நுணுக்கம்: பூட்டும்போதே முட்டி 0.01 முதல் 0.03 மிமீ வரை நகர்ந்துவிடும். ஃபைனல் கட்டுக்கு முட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கி, மேல்நோக்கி வந்து அளவில் நிறுத்தி, டயலைப் பார்த்துக்கொண்டே பூட்டுங்கள்.

ஃபீட் கியர்பாக்ஸில் சில பழைய மெஷின்களில் ஷியர் பின் இருக்கும். டேபிள் எதிலாவது முட்டினால் அது முறிந்து கியரைக் காப்பாற்றும். அடிக்கடி முறிகிறதே என்று அந்த இடத்தில் ஹை டென்சைல் போல்ட்டை அறுத்துப் போட்டால், அடுத்த முறை முறிவது கியரின் பல்.

வேகம், ஃபீட் கணக்கு எளிது. 20 மிமீ எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எண்ட் மில், மைல்ட் ஸ்டீல், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால் சுமார் 400 ஆர்பிஎம். நாலு பல், பல்லுக்கு 0.06 மிமீ, ஃபீட் நிமிடத்துக்கு 96 மிமீ. ஆனால் மோட்டாரைக் கேட்காமல் கட்டரின் அட்டவணையை மட்டும் நம்பக் கூடாது. சாதா இரும்பில் ஒரு எச்பிக்கு நிமிடத்துக்கு 15, 16 கன செமீ வெட்டலாம் என்பது தோராயம். 80 மிமீ அகலம், 3 மிமீ ஆழம், நிமிடத்துக்கு 350 மிமீ ஃபீட் என்று கார்பைட் ஃபேஸ் மில்லை ஓட்டினால் 84 கன செமீ ஆகிறது, அதாவது 5 எச்பிக்கு மேல். 2 எச்பி டரெட் மெஷினில் அதைக் கேட்டால் பெல்ட் கத்தும். ஆழத்தை 1 மிமீயாகக் குறையுங்கள். ஃபீடை ரொம்பக் குறைத்தால் இன்சர்ட் (மாற்றக்கூடிய கார்பைட் பல்) வெட்டாமல் தேய்க்கும்.

கடைசியாக எண்ணெய். ஸ்லைடுக்கு 68 கிரேடு வே ஆயில். ஒரே இழுப்பில் எண்ணெய் அனுப்பும் ஒன்-ஷாட் பம்பை இழுத்தால் எல்லாப் பக்கமும் போய்விடும் என்று நினைப்பார்கள். டேபிளைக் கோடிக்கு ஓட்டி ஸ்லைடைத் துடைத்துவிட்டு, பம்பை இரண்டு முறை இழுத்துத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஒரு பட்டை நனைந்து இன்னொன்று காய்ந்திருந்தால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது.