பழைய ராணுவ லாரி சீட்: உப்புக்காற்றில் தாங்குகிற மாதிரி தைப்பது

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடற்கரையோரம் நிற்கிற பழைய ராணுவ வண்டிகளில் சீட் மேலே கிழிந்து வீணாவதைவிட அடியில் அழுகி வீணாவதுதான் அதிகம். மேல்துணி பார்க்கத் தெம்பாக இருக்கும். மெத்தையைத் தூக்கித் திருப்பினால் பலகை உப்பியிருக்கும், ஸ்டேப்லர் பின் தொட்டாலே தூளாகும், ஸ்பான்சைப் பிழிந்தால் தண்ணீர் வரும். மதுரையில் ஒரு குஷன் கடை செய்கிற நல்ல வேலையை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் இதே கதிதான். குறை தையலில் இல்லை, உப்பில் இருக்கிறது.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நனைந்துவிடும். அதனால் மழையே பெய்யாவிட்டாலும் துணியிலும் ஸ்பான்சிலும் படிந்த உப்பு ராத்திரி ஈரம் இழுக்கும், பகலில் காயும், மறுபடி இழுக்கும். இந்தக் கரையில் சீட்டுக்குள் தண்ணீர் வராமல் முழுக்கத் தடுத்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது. வந்தது வெளியே போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கீழே சொல்வது எல்லாம் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாரான சக்திமான் மாதிரி லாரியின் கேபினை மனதில் வைத்து எழுதுகிறேன்: டிரைவருக்கு ஒற்றை சீட், பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் சீட். பின்னால் ஆட்கள் ஏறும் மடக்கு பெஞ்சு வெறும் மரப்பட்டிதான், அதற்கு மெத்தை தேடாதீர்கள். ராணுவத்தின் ஜோங்கா என்கிற ஜீப் வகைக்கும் மற்ற ஜீப்புக்கும் முறை ஒன்றே, அளவு மட்டும் மாறும்.

வேலையைச் சித்திரைக்கும் ஆவணிக்கும் நடுவில் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசியில் வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டால் பெயின்டும் காயாது, பசையும் பிடிக்காது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற நாட்களில் திறந்த வெளியில் பெயின்ட் அடித்தால் மணலும் உப்பும் ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். ஷெட்டுக்குள் வைத்துக் காலையிலேயே அடித்து முடியுங்கள்.

முதலில் கழற்றுவது. துருப்பிடித்த போல்ட்டில் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தால் பாதி போல்ட் தானாக வழிக்கு வரும். வராததை நட்டோடு அறுத்துவிட்டுப் புதிது போடலாம். கேஸ் வைத்துச் சூடு காட்டும் ஆசை வேண்டாம். வில்லிஸ், பழைய மஹிந்திரா ஜீப் வகையில் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழேதான் பெட்ரோல் டேங்க். லாரியிலும் பேட்டரி எங்கே, பைப் எந்த வழியில் ஓடுகிறது என்று பார்க்காமல் தீ காட்டக் கூடாது.

பழைய உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள், அதுதான் பேட்டர்ன். பிளேடால் தையலை மட்டும் அறுத்து, ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் 'மேல்', 'முன்', 'இடப்பக்கம்' என்று மார்க்கரில் எழுதி, இரண்டு துண்டு சேரும் இடத்தில் எதிரெதிராகக் கோடு போட்டு வையுங்கள். பிறகு சிமெண்ட் சாக்குத் தாளிலோ சார்ட்டிலோ வரைந்துகொண்டு, பழைய தையல் கோட்டுக்கு வெளியே 12 மி.மீ. விட வேண்டும். பழைய துணி பல வருஷம் உட்கார்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே இழுபட்டிருக்கும். அதனால் தாளை ஃப்ரேமின் மேல் வைத்து அளந்து சரிபார்க்காமல் கத்தரி வைத்தால் புது உறையும் தொளதொளவென்று வரும்.

இனி ஃப்ரேம். அதிக நேரம் பிடிப்பதும், குஷன் கடைகள் அதிகம் தாண்டிவிடுவதும் இதுதான். உப்பு ஊறிய துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தால் பெயின்டுக்கு அடியிலேயே மறுபடி பூத்து வரும். குழிக்குள் இருக்கும் உப்பு பிரஷ்ஷுக்கு வராது, தண்ணீருக்குத்தான் கரையும். ஆகவே கழுவு, தேய், மறுபடி கழுவு. கழுவுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். வீட்டு போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் அதில் கழுவுவது வீண் வேலை. குடிநீர் லாரியில் வாங்கி வைத்த தண்ணீரில் ஒரு டிரம்மாவது இதற்கு ஒதுக்குங்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக விட்டால் காலையில் மஞ்சளாக நிற்கும். ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், மேலே எனாமல் இரண்டு கோட்.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதிப்படி, ராணுவத்துக்குச் சொந்தமில்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. அது வண்டிக்கு அடிக்கும் பெயின்டைப் பற்றிய விதி. அந்த நிறத்து ஆசையை சீட் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழாய் ஃப்ரேம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளேயிருந்து தின்றுகொண்டிருக்கும். சின்னச் சுத்தியலால் விரற்கடைக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் கணீரென்று சொல்லும். இற்ற இடம் சத்தமே இல்லாமல் அமுங்கும். வளைவுகளின் அடிப்பக்கத்திலும், தரையோடு போல்ட் போடும் தகடு ஒட்டுகிற இடத்திலும்தான் பெரும்பாலும் அமுங்கும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே தகடு ஒட்டினால் அதற்கும் குழாய்க்கும் நடுவில் உப்பு குடியேறும். பிறகு குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. துளை ஒன்று. தண்ணீர் வெளியேற அதுவே வழி, உள்ளே துருத் தடுப்பு மெழுகு (கேவிட்டி வேக்ஸ்) அடிக்கவும் அதுவே வழி. வேக்ஸுக்குப் பதில் கழிவு ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது துணிக்கு ஏறிக் கறையாகும், வேண்டாம்.

அடிப்பலகை இருக்கிற சீட் என்றால் சாதாரணக் கமர்ஷியல் பிளைவுட் ஒரு மழைக்காலத்துக்குமேல் தாங்காது, அடுக்கு அடுக்காகப் பிரியும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை வாங்குங்கள். ஒற்றை சீட்டுக்கு 12 மி.மீ., இரண்டு பேர் சீட்டுக்கு 18 மி.மீ. வெட்டிய ஓரங்கள்தான் தண்ணீர் குடிக்கும் வாய், ஆகவே ஓரத்துக்கு எபாக்ஸியோ வார்னிஷோ மூன்று கோட். பலகை முழுக்க 10 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளை போட்டு, துளையின் உள்சுவரிலும் வார்னிஷ் தடவ வேண்டும். துளை தண்ணீருக்கு மட்டுமல்ல. லாரியில் ஏறி ஆள் தொப்பென்று உட்காரும்போது ஸ்பான்சுக்குள் இருக்கும் காற்று எங்காவது போயாக வேண்டும். அடியில் வழி இல்லையென்றால் தையலைப் பிளந்துகொண்டு போகும். ரெக்ஸின் சீட்டின் ஓரம் வெடிப்பதற்குப் பாதி காரணம் இதுதான், பழி நூல் மேல் விழும்.

ஸ்பிரிங் உள்ள சீட்டில் ஒடிந்ததை மட்டும் மாற்றாமல் பக்கத்து ஸ்பிரிங்கையும் இழுத்துப் பாருங்கள். மேலே பழைய வழக்கப்படி சணல் சாக்கு போடாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கம்பியைத் துருவேற்றும். பூச்சு இல்லாத பிளாஸ்டிக் நெசவுச் சாக்குத்துணி இரண்டு மடிப்புப் போட்டால் ஸ்பான்ஸ் கம்பிக்குள் இறங்காது, தண்ணீரும் நிற்காது.

ஸ்பான்ஸ் விஷயத்தில் ராணுவ சீட் சோபா அல்ல. தட்டையாக, ஓரம் சதுரமாக, கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். அடியில் ஸ்பான்ஸ் துண்டுகளை அழுத்தி ஒட்டிய ரீபாண்ட் 50 மி.மீ., மேலே 40 டென்சிட்டி (கன மீட்டருக்கு 40 கிலோ) ஸ்பான்ஸ் 50 மி.மீ. என்பது சரியான கூட்டு. அசல் தன்மை வேண்டும் என்பவர்கள் அடிக்கு ரப்பர் காயர் (ரப்பர் ஏற்றிய தேங்காய்நார்) போடலாம். காற்றும் தண்ணீரும் அதில் தாராளமாகப் போகும், ஆனால் சில வருஷத்தில் உதிரும், எலிக்கும் பிடிக்கும். படகு சீட்டுக்குப் போடுகிற தண்ணீர் குடிக்காத ஈ.வி.ஏ. ஷீட்டை மட்டுமே போட்டால் கல்லில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஸ்பான்சை ஃப்ரேம் அளவைவிட நாலாபுறமும் ஒரு சென்டிமீட்டர் கூட்டி வெட்டினால்தான் உறை விறைப்பாக நிற்கும். வெட்டத் தீட்டிய ஹாக்சா பிளேடு போதும். எஸ்.ஆர். (செயற்கை ரப்பர்) பசையை இரண்டு பக்கமும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாமல் பிசுபிசுக்கிற பதம் வரும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். ஈரக்காற்று நாளில் பசை மேல் வெள்ளைப் படலம் வந்தால் அது பிடிக்காது, துடைத்துவிட்டு வெயில் நாளில் செய்யுங்கள். மழைக்குப் பயந்து ஸ்பான்சைப் பாலித்தீனில் முழுக்கச் சுற்றுகிறார்கள். தையல் ஊசித்துளை வழியே வந்த தண்ணீர் அதற்குள் சிக்கி நாறும். மேலும் பக்கமும் மூடலாம், அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

மொத்த உயரத்தை இந்தக் கட்டத்திலேயே சரிபார்க்க வேண்டும். பழைய மெத்தை அமுங்கிக் கிடந்த உயரத்தைப் பார்த்து அதற்கு மேல் இரண்டு அங்குலம் தாராளமாகக் கூட்டினால் லாரியின் பெரிய ஸ்டீயரிங் தொடையில் இடிக்கும், கிளட்சை அடிவரை மிதிக்க முடியாது. தைப்பதற்கு முன் வெறும் ஸ்பான்சை வைத்து, வண்டி ஓட்டப்போகிறவரையே உட்காரவைத்துக் கிளட்சை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணிக்கு என் ஓட்டு கித்தானுக்கு (கேன்வாஸ்), கேபின் மூடியிருக்கும் வண்டியென்றால். சதுர கஜத்துக்கு 16 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 540 கிராம், மெழுகுப் பதம் ஏற்றியது. பதம் ஏற்றாத பருத்திக் கித்தானானால் வெட்டும் முன் நனைத்துக் காயப்போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் முதல் மழையில் சுருங்கி மூலைத் தையலை அறுத்துக்கொள்ளும். திறந்த ஜீப்புக்கு வெயில் தாங்கும் மரைன் வினைல்தான் நல்லது. சாதாரண ரெக்ஸின் இங்கத்திய வெயிலில் விறைத்து விரிசல் விடும். லாரித் தார்ப்பாய் கிழியாது, ஆனால் முதுகு வேகும். 54 அங்குல அகலத்தில் இரண்டு சீட்டுக்கும் பைப்பிங்கோடு (ஓரத் தையலில் வைக்கும் உருட்டுப் பட்டி) சேர்த்து 5 மீட்டர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை ஒட்டுப் போட எடுத்து வையுங்கள், அதே சாயம் மறுபடி கிடைக்காது.

நூல் பாலியெஸ்டர் பாண்டெட் (இழைகள் பிரியாமல் பூச்சுப் போட்டது), கனம் டெக்ஸ் அளவில் 70 முதல் 90 வரை. ஊசி 18 அல்லது 20. நைலான் நூல் பலமானதுதான், ஆனால் வெயிலில் பாலியெஸ்டருக்கு முன்பே இற்றுவிடும். வலை பின்னுகிற தங்கூசி நரம்பு கையில் இருக்கிறதே என்று அதில் தைத்தால், அது வழவழப்பான ஒற்றை இழை என்பதால் முடிச்சு நழுவும், இழுவையில் துணியையே அறுக்கும். அங்குலத்துக்கு 6 அல்லது 7 தையல் போதும். நெருக்கித் தைத்தால் தபால்தலை கிழிகிற மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். பைப்பிங் சேரும் மூலையில் கித்தான் நாலைந்து மடிப்பாகிவிடும், வீட்டுத் தையல் மெஷின் அதைத் தாண்டாது. படுதா தைக்கிற கடை மெஷினில் கொடுங்கள்.

உட்காரும் பரப்பில் அலங்காரத் தையலே வேண்டாம், ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு ஓட்டை. தையல் எல்லாம் பக்கவாட்டில் வரட்டும், தைத்தபின் தேன்மெழுகைத் தையல் மேல் அழுத்தித் தேயுங்கள். நம் ஊர் வண்டியில் டிரைவர் வலப்பக்கமாக இறங்குவதால் அவர் சீட்டின் வலது முன்மூலைதான் முதலில் தேயும். அங்கே உள்பக்கம் 15 செ.மீ. அளவுக்கு இன்னொரு மடிப்புத் துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.

மாட்டும்போது நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும், மூலை கடைசி. ஒருவர் அழுத்த ஒருவர் இழுத்தால்தான் சரியாக வரும். வினைலை அரைமணி நேரம் வெயிலில் போட்டால் இளகி வரும். கித்தான் இளகாது, சுருக்கம் விழுந்தால் பின்னைப் பிடுங்கி மறுபடி இழுப்பதைத் தவிர வழியில்லை. ஸ்டேப்லர் பின் துருப்பிடிக்காத எஸ்.எஸ். 316 எஃகில் இருக்கட்டும். 12 மி.மீ. பலகைக்கு 10 மி.மீ. கால் உள்ள பின், 2 செ.மீ.க்கு ஒன்று. குழாய் ஃப்ரேமில் ஸ்டேப்லர் பின் அடிக்க முடியாது. உறையின் அடி விளிம்பில் பித்தளைக் கண் போட்டுக் கயிறு கோத்துக் கட்டுவதே நல்லது, கழற்றித் துவைக்கவும் வசதி. கடையில் பித்தளை என்று தரும் கண்ணில் பாதிக்கு மேல் இரும்பில் முலாம் பூசியது. சட்டைப்பையில் ஒரு காந்தம் போட்டுக்கொண்டு போய்க் கடைக்காரர் முன்னாலேயே வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வாங்காதீர்கள், ஆறே மாதத்தில் கித்தானில் வட்டம் வட்டமாகத் துருக்கறை இறங்கும்.

கடற்கரை மணலில் ஓட்டிவந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வாடைக்காலத்தில் வண்டி நிற்கும்போது மெத்தையைத் தூக்கி நிறுத்தி வையுங்கள், பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீர்கள். கித்தானில் கரும்புள்ளி பூத்தால் வெயிலில் காயவைத்துக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, லேசான சோப்பில் கழுவி மறுபடி மெழுகு ஏற்ற வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினால் புள்ளி போகும், கித்தானும் சேர்ந்து நைந்துபோகும்.