முடியுமா என்று கேட்கவில்லை

அண்ணனுக்குத் தலையில் அடிபட்ட அன்று, சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கிளாஸ்கோ கோமா அளவு 15-க்கு 6. 8-ம் அதற்குக் கீழும் வந்தால் கடுமையான காயம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அவர் கண் விழித்துப் பேச ஆரம்பித்ததுமே அறிவுத்திறன் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். நரம்பியல் உளவியலாளர் சம்மதிக்கவில்லை. காலையில் வந்து போனவரை மதியம் மறந்துவிடுகிற கட்டம் தாண்டட்டும், இப்போது எடுக்கிற ஸ்கோரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

ஏழு மாதம் கழித்து எடுத்தார்கள். சீக்கிரம் களைத்துவிடுவார் என்பதால் இரண்டு காலைகளாகப் பிரித்து. முதல் நாள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினோம். திரும்பியதே நல்லது, இல்லையென்றால் கண்ணின் குறை மூளையின் கணக்கில் ஏறியிருக்கும்.

வெளியே வந்த அண்ணன், “எல்லாம் சரியாப் பண்ணிட்டேன்டா” என்றார். சராசரி 100 என்று வைக்கிற அந்த அளவுகோலில் சொல்லறிவு 104, யோசித்துச் செய்கிற வேகம் 72. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது மொத்த ஐக்யூ என்று ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்றார் உளவியலாளர்.

அப்புறம் எங்களுக்குத்தான் கேள்விகள். அன்றாட வேலைகளைப் பற்றி அம்மாவிடமும் என்னிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள்.

“தானாகக் குளிப்பாரா?”

“முடியுமே.”

“முடியுமா என்று கேட்கவில்லை. யாரும் சொல்லாமல் குளிக்கிறாரா?”

யோசித்துப் பார்த்தேன். தோளில் துண்டோடு குழாய் முன்னால் நிற்பார். ‘தண்ணியைத் திற’ என்றால் திறப்பார். ‘சோப்பை எடு’ என்றால் எடுப்பார். கை, கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அடுத்தது என்ன என்பது அவருக்குள்ளிருந்து வராது. அதை நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். டெஸ்ட் அறையிலும் அப்படித்தானே? எதிரே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறார்.

அம்மா மட்டும், அவன் எல்லாம் தானே செய்கிறான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. உளவியலாளர் இரண்டு பதில்களையும் ரிப்போர்ட்டில் அப்படியே எழுதினார். மேற்பார்வை இல்லாமல் தனியாக விட வேண்டாம் என்றும் எழுதினார். உதவிக்கு விண்ணப்பித்தபோது ஐக்யூ எண்ணைவிட அந்த வரிதான் கை கொடுத்தது.

இப்போது குளியலறைக் கதவில் ஐந்து வரி எழுதி ஒட்டியிருக்கிறோம். மூன்றாவது வரியை மட்டும் இன்னும் நான்தான் வெளியே நின்று சொல்கிறேன்.