கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனர்

2012 பெப்ரவரி 19

கொட்டிலின் கிடுகை இன்றைக்குப் பிரித்தோம். 2008இல் அப்பா செத்ததில் இருந்து கார் அதற்குள்தான் நிற்கிறது. நான்கு சில்லும் காற்றுப் போய் மண்ணோடு ஒட்டிவிட்டன. பின் சீற்றில் கோழி ஒன்று அடை கிடக்கிறது. அதைக் குழப்ப வேண்டாம் என்று அம்மா சொன்னதால் முன்பக்கத்தை மட்டும் துடைத்தேன்.

பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் படலையடியில் நின்று 40,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். சண்டை முடிந்த பிறகு ஒழுங்கைக்கு ஒழுங்கை இவர்கள்தான். "குடுத்துப்போட்டு ஒரு பிறிஜ் வாங்கன்" என்றார் அம்மா. நியாயமான கதைதான். நான் மறுமொழி சொல்லாமல் பொனற்றைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை.

1959ஆம் ஆண்டு மைனர் 1000. 948 சீசீ எஞ்சின். அப்பு, அப்பாவின் தகப்பன், இதை 1974இல் இரண்டாம் கையாக வாங்கினார். வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் நாட்டுக்குள் வராத காலம் அது. யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டக்காரரின் மடியில் காசு இருந்தது. அதனால் ஊரில் இதற்கு 'வெங்காயக் கார்' என்று பெயர். அப்பாவுக்குத் தோட்டம் பிடிக்கவில்லை, கார் பிடித்தது. வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கிவிட்டார்.

2012 மார்ச் 4

அப்பாவின் காலத்து மெக்கானிக் அண்ணை சைக்கிளில் வந்தார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். எதையும் தொடவில்லை. பிறகு எஞ்சினைக் கையால் சுற்றுகிற ஹான்டிலைப் போட்டு, மெதுவாக, விரலால் பார்ப்பதுபோல அமர்த்திப் பார்த்தார். எஞ்சின் இறுகிக் கிடந்தது.

நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஓயிலும் கலந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "ஒரு கிழமைக்குத் தொடாதை. ஆசைப்பட்டுச் சுத்தினியெண்டால் றிங் உடையும், பேந்து என்னட்டை வராதை."

2012 மார்ச் 13

ஒன்பது நாள் பொறுத்தேன். ஹான்டில் கால் சுற்றுச் சுற்றியது. உள்ளங்கையில் கொப்புளம். கோழிக்குப் பதினொரு குஞ்சு.

2012 ஜூலை 22

புதுப் பற்றறி. இந்தக் காரில் நேர் முனைதான் உடம்போடு சேர வேண்டும், இன்றைய வாகனங்களுக்கு நேர்மாறு. மாற்றிக் கொழுவிவிடுவேன் என்று அண்ணை பக்கத்திலேயே நின்றார்.

சாவியைத் திருப்பினால் முதலில் எஞ்சின் சத்தம் வராது. எரிபொருள் பம் 'டிக் டிக் டிக்' என்று அடிக்கும்; காபிரேற்றர் நிரம்பியதும் அடங்கிவிடும். இன்றைக்கு அடிக்கவில்லை. அண்ணை காலில் கிடந்த செருப்பைக் கழற்றி, பம்மின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

டிக்.

இன்னொரு தட்டு. டிக் டிக் டிக் டிக். உள்ளே இருக்கும் மின் தொடுமுனைகள் கறுத்துப் போனால் இப்படித்தான் நின்றுகொள்ளுமாம், கழற்றி உரஞ்ச வேண்டும். சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்தச் சத்தத்துக்கு அம்மா குசினியில் இருந்து வெளியே வந்து நின்றார். இரவில் யாரையாவது ஆசுப்பத்திரிக்கு ஏற்றப் போகும்போது அப்பா சாவியைத் திருப்பிவிட்டு, அது அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருப்பார்.

2012 ஒக்ரோபர் 30

ஒழுங்கை முகப்பு வரைக்கும் ஓட்டினேன். திரும்பி வந்தேன். அவ்வளவுதான், ஆனால் ஓடியது.

நாளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். 1995இல் இதே நாள் இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற வீதியில் சனத்துக்குள் கார் மனிதர் நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்தது. அம்மம்மாவும் மூட்டைகளும் உள்ளே, நாங்கள் வெளியே நடை. றேடியேற்றர் கொதித்துக் கொதித்து நின்றது. வீதியோர வெள்ளத்தை வாளியில் அள்ளி ஊற்றினோம். எனக்குப் பதினாலு வயது.

அந்தக் கார் அன்றைக்கு ஓடியது மண்ணெண்ணெயில். 90க்குப் பிறகு இங்கே பெற்றோல் அரசின் தடைப்பட்டியலில் இருந்தது; கறுப்புச் சந்தையில் போத்தல் கணக்கில் விற்றார்கள். ஜப்பான் கார்கள் படுத்துவிட்டன. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் கொட்டில்களுக்குள் இருந்து எழும்பி வந்தன. காரணம் பெரிய ரகசியம் இல்லை. இவற்றின் எஞ்சினில் அமுக்கம் குறைவு, எதைக் கொடுத்தாலும் ஒருமாதிரி எரித்துவிடும். ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, எஞ்சின் சூடாக வேண்டும். அதற்குத்தான் பெற்றோல், ஒரு சிரங்கை அளவு.

அப்பா ஒரு சேலைன் போத்தலில் பெற்றோல் வைத்திருந்தார். அதன் குழாய் டாஷ்போட்டுக்குக் கீழே தகட்டில் போட்ட ஓட்டையால் எஞ்சின் பக்கம் போய்க் காபிரேற்றரில் சேரும். போத்தலை உயர்த்திப் பிடிப்பது இடப்பக்கச் சீற்றில் இருக்கிற எனது வேலை. ஸ்ராட் பண்ணி இரண்டு மூன்று நிமிடம் போனதும், "பூட்டு" என்பார். குழாயில் இருக்கும் அந்தச் சின்னச் சில்லை உருட்டிப் பூட்டுவேன். எஞ்சின் ஒருதரம் விக்கும். பிறகு வெள்ளைப் புகை, அந்த மணம். ஊர் முழுக்க அந்த மணம்தான். நிறுத்துவதற்கு முன்னும் "திற" என்பார். காபிரேற்றருக்குள் பெற்றோல் நிற்காவிட்டால் அடுத்த முறை ஸ்ராட் வராது. சில நாள் நான் நித்திரையாகிவிடுவேன். அதற்கு அடி விழுந்ததும் உண்டு.

2013 ஓகஸ்ட் 11

ரிங்கரிங், அதுதான் தகட்டு வேலை. கால் வைக்கிற தகடு கையோடு பிய்ந்து வந்தது. ரப்பர் விரிப்புக்குக் கீழே அப்பா போட்ட ஒட்டு: பால்மா ரின்னை வெட்டி விரித்து றிவிற் அடித்திருக்கிறார். மாட்டின் படம் இன்னும் தெரிகிறது. ரிங்கர்காரர் சிரித்தார், பிறகு அந்த றிவிற் வரிசையைப் பார்த்துவிட்டு, "கை நேர்" என்றார்.

தகட்டுக்குக் கொழும்பில் தேடினேன். 90களில் காலிப் பக்கத்தில் மைனருக்கு உடற்பாகம் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். இங்கே நாங்கள் பால்மா ரின் வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், இதே தீவின் தெற்கில். சரி, வடக்குக்கு வருகிற பாதை பூட்டியிருந்தது.

2015 மே 17

என்னுடைய பிழை. மதவடியில் திரும்பும்போது 'டொக்' என்று ஒரு சத்தம், முன் வலச் சில்லு உள்ளே மடங்கி, கார் மூக்கு நிலத்தில் குத்தியது. நல்லவேளை சைக்கிள் வேகம்.

மைனருக்கு இது தெரிந்த வியாதி. முன் சில்லின் தூண் கீழே ஒரு திருகுப் புரியில் இருந்துதான் திரும்புகிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் புரி தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். அண்ணை வந்து, குந்தி இருந்து, தேய்ந்த புரியை விரலால் தடவினார். "கொப்பர் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கிறீஸ் அடிச்சவர். கோயிலுக்குப் போகாட்டிலும் இதுக்கு அடிச்சவர்." வேறொன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வருடம் பெயின்ற் நிறத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த ஆள் நான்.

2016 செப்ரெம்பர் 4

கதவுத் தூணில் இருந்து வெளியே நீளும் கைகாட்டி வேலை செய்கிறது. ஒரு கை மட்டும். இடப்பக்கம் பாதியில் நிற்கிறது. ஓட்டோக்காரருக்கு அது என்னவென்று தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் கை காட்டினால் கார் பதில் சொல்வதுபோல் போட்டுக் காட்டுகிறேன். பாதுகாப்புக்காகக் காரின் பின்பக்கத்தில் மின்னும் விளக்கும் பூட்டியாயிற்று. பழைய கார்ப் பிரியர்கள் மன்னிக்க வேண்டும், எனக்குப் பிள்ளை இருக்கிறது.

2018 ஜனவரி 28

பெயின்ற். உரஞ்ச உரஞ்ச வெள்ளை, அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே சாம்பல். சாம்பல்தான் முதல் நிறம், அதையே அடிக்கச் சொன்னேன். பொனற்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு மேடு ஓடுகிறது. இதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நாலு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்து, அப்படியே அகலமாக்கிவிட்டார். அந்த நாலு அங்குலத்தின் அடையாளம்தான் மேடு. அது இல்லாவிட்டால் அம்மம்மாவும் மூட்டைகளும் எங்கே போயிருப்பார்கள்!

கொழும்பில் இருந்து வந்த, விஷயம் தெரிந்த ஒருவர் காரைப் பார்த்துவிட்டுப் புகழ்ந்தார். டாஷ்போட்டுக்குக் கீழே குனிந்து, "இந்த ஓட்டை கொம்பனி போட்டதில்லையே, அடைத்துவிட்டுப் பெயின்ற் அடியுங்கள்" என்றார். சின்னவிரல் போகிற அளவு. விளிம்பு காயம் ஆக்காமல் இருக்க, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ரப்பர் வளையம் ஒன்று இன்னும் அதில் இருக்கிறது.

பெயின்ற்காரர் என்னைப் பார்த்தார். வளையத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பெயின்ற் காய்ந்த பிறகு திரும்பப் போட்டேன்.

2022 ஓகஸ்ட் 23

ஜூலை முழுக்க எழுதவில்லை, வரிசையில் நின்றேன். பெற்றோல் லீற்றர் 450 ரூபாய். எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்குச் சேசிஸ் இலக்கம் கேட்டது. தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ரோச் அடித்து வாசித்தேன். கிழமைக்கு 20 லீற்றர். மைனருக்கு அது தாராளம்.

வரிசையில் வயதான ஒருவர் வந்து பொனற்றில் தட்டினார். "தம்பி, இது மண்ணெண்ணெயிலை ஓடுமே. ஏன் நிக்கிறாய்?" சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள், எல்லாரும் என் வயதுக்கு மேல். நேற்று மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து 340 ஆயிற்று. அதுவும் கிடைப்பதில்லை.

வாகன இறக்குமதி நின்றதில் இருந்து பழைய கார்களுக்கு விலை ஏறிவிட்டது. ஒருவர் பத்து லட்சம் கேட்டார். அம்மாவிடம் சொன்னேன். "பிறிஜ் இருக்குத்தானே" என்றார்.

2023 ஜூன் 11

எஞ்சினில் ஒரு 'டக் டக்'. நான் இரண்டு கிழமையாகக் கேட்டும் எங்கே என்று பிடிபடவில்லை. அண்ணையைப் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன்; சைக்கிள் விட்டு இரண்டு வருடம். காதும் கேட்பதில்லை. கத்திச் சொன்னால்தான் விளங்கும்.

எஞ்சின் ஓடும்போது வால்வு மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுடும் என்று நான் கத்தினேன், கேட்கவில்லையோ, கேட்காததுபோல் இருந்தாரோ. கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தினார். ஒரு விரலை மட்டும் அழுத்தினார்.

"ஏழாவது."

நிறுத்தி, மூடியைக் கழற்றி, அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தேன். வால்வின் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 12 இருக்க வேண்டும். ஏழாவதில் தகடு ஆடிக்கொண்டு போனது. திருகி இறுக்கினேன். மகள் இடப்பக்கச் சீற்றில் இருந்து, டாஷ்போட்டுக்குக் கீழே இருக்கிற ஓட்டையால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் மட்டும் தெரிந்தது.

திரும்ப ஸ்ராட் பண்ணியதும் அண்ணை மறுபடி கையை வைத்தார். தலையாட்டினார். தேத்தண்ணி சீனி இல்லாமல் வேண்டுமாம்.