மழை வந்தா சாம்பல் அடிச்ச டோனர்: சிலிக்காவோட ஒரு வருஷம்

சென்னைக்குப் பக்கத்துல ஒரு சின்ன டோனர் கம்பெனில கெமிஸ்ட்டா இருக்கேன், லேசர் பிரிண்டர் கார்ட்ரிட்ஜ்ல ரீஃபில் பண்ற கறுப்பு பவுடர்தான் எங்க சரக்கு. ஒரு அக்டோபர் கடைசில கொச்சி டீலர்கிட்ட இருந்து வரிசையா போன், பேப்பர் முழுக்க லேசா சாம்பல் படியுதாம், எழுத்து இல்லாத இடத்துல கூட. அதே பேட்ச் ஜெய்ப்பூர் போயிருக்கு, அங்க ஒரு கம்ப்ளெயின்ட் கூட இல்ல. அப்பவே ஈரப்பதம்தான்னு புரிஞ்சுது, ஆனா அதை சரி பண்ண அடுத்த மழைக்காலம் வரைக்கும் ஆச்சு. இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். டோனர்ங்கறது பிளாஸ்டிக் தூள், எங்களோடது ஸ்டைரீன் அக்ரிலேட்ங்கற பிளாஸ்டிக் ரெசின், கார்பன் பிளாக்ங்கற கறுப்புக் கரித்தூள், கொஞ்சம் மெழுகு, சார்ஜ் கன்ட்ரோல் ஏஜென்ட் எல்லாம் சேத்து உருக்கி, ஆற வச்சு, ஜெட் மில்லுல, அதாவது காத்தழுத்தத்துல துகள மோதவிட்டு, 8 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அரைக்கிறோம். அரைச்சு வந்ததும் அது ஓடவே ஓடாது. கோலம் போடுறவங்களுக்கு இது தெரியும், கல்லுமாவு விரலிடுக்குல சரசரன்னு இறங்கும், நைஸா அரைச்ச அரிசி மாவு கட்டி கட்டியா விழும். 8 மைக்ரான்ல துகளோட எடைய விட துகளுக்கும் துகளுக்கும் உள்ள ஒட்டுற விசை பெருசு. அதனால மேல நானோ சைஸ்ல சிலிக்கா தூவுறோம், அது நடுவுல நின்னு ரெண்டு துகளையும் தள்ளி வைக்குது. அதே சிலிக்காதான் மைனஸ் சார்ஜும் ஏத்திக் குடுக்குது, அந்த சார்ஜ் குறைஞ்சா டோனர் எழுத்து இல்லாத இடத்துலயும் படிஞ்சு சாம்பல் அடிக்கும். இங்கதான் சிக்கல், ஃப்ளோவுக்காக, அதாவது தூள் நல்லா ஓடுறதுக்காக, ஒண்ண மாத்தினா சார்ஜ் மாறும், சார்ஜுக்காக தொட்டா ஃப்ளோ போகும், ரெண்டையும் தனித்தனியா பாக்கவே முடியாது.

நாங்க முதல்ல செஞ்சது தப்பு. சார்ஜ் குறைவா இருக்குன்னு 12 நானோமீட்டர் சிலிக்காவ 1 சதவீதத்துல இருந்து 1.8க்கு ஏத்திட்டோம். லேப்ல ஃப்ளோ தண்ணி மாதிரி, சார்ஜும் ஜோரா ஏறுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். பிரிண்டர்ல போட்டா கறுப்பு நிரப்பின இடத்துல வெள்ளைப் புள்ளி, டிரம்முக்கு (படம் உருவாகுற உருளை) சார்ஜ் ஏத்துற சார்ஜ் ரோலர்ல வெள்ளையா படிவு, பேப்பர்ல கோடு, விரலால தேச்சா எழுத்து கையோட வருது. அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன், இத மொதல்லயே போட்டிருக்கணும். 8 மைக்ரான் டோனர் மேல 12 நானோ சிலிக்கா வெறும் 1 சதவீதம் போட்டாலே பரப்புல சுமார் 90 சதவீதம் மூடிடும். அதுக்கு மேல போடுறது ஒட்ட இடமில்லாம சும்மா திரியும், திரியுறது ரோலர்ல போய் உக்காரும், பேப்பர்ல டோனர் உருகி ஒட்டுறதையும் தடுக்கும்.

அடுத்து எவ்வளவுங்கறத விட்டுட்டு எந்த சிலிக்காங்கற கேள்விக்கு வந்தேன். நாங்க போடுற ஃபியூம்ட் சிலிக்காவ சிலிக்கான் டெட்ராகுளோரைட ஹைட்ரஜன் தீயில எரிச்சு செய்றாங்க, அதோட மேற்பரப்புல சிலனால் குழுக்கள் (சிலிக்கான்ல ஒட்டின OH) நிறைய இருக்கும், அதுதான் தண்ணிய புடிச்சு இழுக்குது, தண்ணிப் படலம் வந்தா சார்ஜ் கசிஞ்சிடும். அதனால சிலேன் மாதிரி, தண்ணி ஒட்டாத சிலிக்கான் சேர்மம் போட்டு மூடுவாங்க. நாங்க வாங்கிட்டிருந்தது டைமெத்தில்டைகுளோரோசிலேன்ல ட்ரீட் பண்ணது. எவ்வளவு நல்லா மூடியிருக்குன்னு பாக்க ரொம்ப எளிய டெஸ்ட் ஒண்ணு இருக்கு, தண்ணி மேல சிலிக்காவ தூவினா மிதக்கும், மெத்தனால சொட்டு சொட்டா சேத்து கலக்கிட்டே வரணும், எந்த அளவுல முங்குதோ அதுதான் அதோட தண்ணி ஒட்டாத தன்மைக்கு அளவு. எங்களோடது மெத்தனால் 40 சதவீதத்த நெருங்கும்போதே முங்கிடுச்சு. ஹெச்எம்டிஎஸ்ல (ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன், இதே வேலைக்கான இன்னொரு சேர்மம்) ட்ரீட் பண்ண சாம்பிள் 60 தாண்டியும் மிதந்துச்சு. சிலிக்கோன் ஆயில் போட்ட கிரேடும் வாங்கிப் பாத்தோம், ஈரத்துக்கு நல்லா தாங்குச்சு, ஆனா ஃப்ளோ மந்தமாச்சு, அதனால ஹெச்எம்டிஎஸ்ஸே போதும்னு முடிவு பண்ணோம்.

எங்ககிட்ட ஈரப்பதத்த வேணுங்கற அளவுல வைக்கிற கிளைமேட் சேம்பர் கிடையாது. நான் ரெண்டு டெசிக்கேட்டர் (காத்து போகாம மூடுற கண்ணாடி ஜாடி) எடுத்து, ஒண்ணுல உப்புக் கரைசல், அதான் சமையல் உப்பு, கரையாம அடில தங்குற அளவுக்கு போட்டா உள்ள ஈரப்பதம் 75 சதவீதத்துல நிக்கும், இன்னொண்ணுல லித்தியம் குளோரைட், அது 11 சதவீதம். டோனரையும், அதோட உரசி சார்ஜ் ஏத்துற காந்தத் துகளான ஃபெரைட் கேரியரையும் தனித்தனி தட்டுல ராத்திரி முழுக்க வச்சு, காலைல சேத்து குலுக்கி, ப்ளோ ஆஃப் மெஷின்ல காத்தடிச்சு சார்ஜ் பாப்பேன். பழைய டோனர் காஞ்ச டெசிக்கேட்டர்ல கிராமுக்கு மைனஸ் 34 மைக்ரோகூலூம், ஈரத்துல மைனஸ் 15. ஹெச்எம்டிஎஸ் போட்டதும் ஈரத்துல 24க்கு வந்துச்சு. ஆனா காஞ்ச பக்கம் 45 வரைக்கும் ஏறிடுச்சு, குலுக்க குலுக்க ஏறிட்டே போகுது. அவ்வளவு சார்ஜ் ஏறினா டோனர் டெவலப்பர் ரோலர விட்டு வராது, பிரிண்ட் வெளுத்துப் போகும். கொச்சிய சரி பண்ணி ஜெய்ப்பூர கெடுத்த கதை.

இதுக்கு வழக்கமான மருந்து டைட்டானியா, அதாவது டைட்டானியம் டையாக்சைடு, கொஞ்சம் மின்சாரம் கடத்தும், சேந்து நிக்கிற சார்ஜ பரப்பி விடும். 0.4 சதவீதம் போட்டதும் வித்தியாசம் சுருங்குச்சு. அப்பப் பாத்து ஏற்றுமதி பக்கத்துல இருந்து கேள்வி, டைட்டானியா இருக்கான்னு. ஐரோப்பிய யூனியன் 2020ல அதோட தூள மூச்சுல போனா புற்றுநோய் வரலாம்னு சந்தேகப் பட்டியல்ல சேத்தாங்க, 2021 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு, 2022 நவம்பர்ல அங்க உள்ள பொது நீதிமன்றமே அதை ரத்து பண்ணிடுச்சு. இருந்தாலும் வாங்குறவங்க பயந்துட்டாங்க, அவங்களுக்கு மட்டும் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் போட்டு தனியா ஒரு ஃபார்முலா. அது டிரம்ம லேசா தேச்சு சுத்தமும் பண்ணும், அளவு கூடினா கீறல் விழும், கவனம்.

இதெல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சப்பதான் பெரிய அடி. 3000 பக்கம் ஓட்டின கார்ட்ரிட்ஜ்ல மிச்சமிருந்த டோனர எடுத்து பாத்தேன், ஃப்ளோ செத்துப் போச்சு, சார்ஜும் பாதி. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு பக்கத்து யுனிவர்சிட்டிக்கு அனுப்பினோம், படத்துல சின்ன சிலிக்கா எல்லாம் பிளாஸ்டிக்குள்ள புதைஞ்சு கிடக்கு. ரோலர் மேல டோனர மெல்லிசா வழிச்சு விடுற டாக்டர் பிளேடுகிட்ட தேஞ்சு தேஞ்சு உள்ள போயிடுது. நாங்க அத்தனை மாசமும் புது டோனர மட்டுமே அளந்துட்டிருந்தோம்! அன்னைல இருந்து ஓடின டோனர அளக்காம எந்த ஃபார்முலாவையும் நான் பாஸ் பண்றதில்ல.

புதையாம இருக்க 110 நானோ கொலாய்டல் சிலிக்கா (திரவத்துல வளத்து எடுக்குற வகை) சேத்தோம், உருண்டையா இருக்கும், அடிய அதுவே வாங்கிக்கும், சின்னது பக்கத்துல பத்திரமா நிக்கும். ஆனா 1 சதவீதம் போட்டாலும் சுமார் 10 சதவீத பரப்புதான் மூடும், ஒட்டவும் கஷ்டம். நாங்க எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி கலந்தோம், பெருசு கழண்டு கழண்டு வந்துச்சு. மிக்ஸர் பாக்குற அண்ணன்தான் சொன்னாரு, "மேடம், பெருச மொதல்ல போட்டு நல்லா அடிச்சிட்டு சின்னத கடைசில போடலாமே, மசாலா தடவிட்டு தானே மாவு தூவுறோம்"னு. அதேதான் சரியா வந்துச்சு. அவர் இன்னொண்ணும் கவனிச்சு வச்சிருந்தாரு, மதிய ஷிப்ட்ல ஜாக்கெட் தண்ணி (மிக்ஸர சுத்தி ஓடி ஆற வைக்கிற தண்ணி) சூடா வரும்போது மிக்ஸர் சத்தம் மாறுதுன்னு. ரெசின் 58 டிகிரில இளகிடும், உள்ள 45 தாண்டினாலே சிலிக்கா அப்பவே புதைய ஆரம்பிச்சிடுது. அந்தத் தண்ணிய குளிர வைக்க சில்லர் வாங்க வச்சோம், இப்ப 40 தாண்டினா மிக்ஸர் தானா நின்னுடும்.

அடுத்த அக்டோபர்ல அதே கொச்சி டீலருக்கு 20 கிலோ அனுப்பி, தீந்து போன கார்ட்ரிட்ஜ திருப்பி அனுப்பச் சொன்னேன். நவம்பர் கடைசில 6 வந்துச்சு. உள்ள ஒட்டியிருந்த மிச்சத்த ஜல்லடைல போட்டேன், தட்டாமலே இறங்குச்சு, ஈர டெசிக்கேட்டர்ல வச்சு அளந்தா மைனஸ் 21. அண்ணன கூப்பிட்டு ரீடிங்க காட்டினேன், அவர் ரெண்டு தரம் படிச்சுட்டு அவரோட நோட்டுல எழுதிக்கிட்டாரு.

இப்ப கலர்ல இறங்கியிருக்கோம், மஞ்சள் முதல்ல. கார்பன் பிளாக் இல்லாததால சார்ஜ் கசிய வழி கம்மி, காஞ்ச டெசிக்கேட்டர்ல முதல் ரீடிங்கே 50 தாண்டிடுச்சு.